மலையில நிண்ட மாடு

உங்கட சைக்கிளில பெல் இல்லை, பிள்ளை.

குறை நினைக்காதேங்கோ. ரயிலில ஏறின நேரம் தொடக்கம் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நீங்கள் அவரோட தமிழ் கதைச்சது காதில விழுந்திட்டுது, அதுக்குப் பிறகு வாய் சும்மா இருக்கேல்லை. இந்தியாவோ? பேச்சில தெரியுது. கோயம்புத்தூரோ, நல்லம். நான் யாழ்ப்பாணம். பேர் திருச்செல்வம். இந்த ஜூரா மலையில மணிக்கூட்டு ஃபக்டரியில வேலை செய்து, இப்ப பென்சன் எடுத்துக்கொண்டு இருக்கிற ஆள். முன் பெட்டியில சைக்கிளோட நிக்கிறவர் உங்கட மிஸ்டர்தானே? இஞ்ச சைக்கிளைத் தொங்கப்போட ஒரு கொளுக்கிதான் இருந்தது. உங்கடையைக் கொழுவிப்போட்டுத் தன்ரையைக் கொண்டு முன்னுக்குப் போயிட்டார். நல்ல மனிசன்.

ஆனால் பெல் இல்லை. அவற்ற சைக்கிளிலயும் இல்லை, பாத்தனான்.

கார் ஓடாத கிறவல் கல்லுப் பாதையில ஆருக்கு பெல் அடிக்கிறது எண்டு கேக்கிறியள். சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் அதைத்தான் சொன்னனான். இதே கதைதான்.

எவடத்தில இறங்குறியள்? ஓ, அந்தக் காட்டுக்கரை ஸ்ரேசனோ. அங்கயிருந்து மேல ஏறுற பாதை வடிவான பாதை. எனக்கு அதில ஒவ்வொரு வளைவும் தெரியும். அவசரப்படாதேங்கோ, அதுக்கு இன்னும் நேரம் கிடக்கு. இந்தச் சின்ன ரயில் மாடு மாதிரித்தான் நடக்கும். நான் இன்னும் தூரம் போக வேணும், மகளிட்ட. இந்தப் பையுக்குள்ள ஒரு சாமான் கொண்டு போறன். பேந்து, கொஞ்சம் பொறுத்துக் காட்டுறன்.

இது முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, தெரியுமோ? எங்கட யாழ்ப்பாணமும் அதுதான். அங்க பாய் விரிச்ச மாதிரித் தட்டையாக் கிடக்கும். இஞ்ச அந்தப் பாயை ஆரோ மடிச்சுக் குவிச்சு விட்டிருக்கினம், அவ்வளவுதான் வித்தியாசம். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணி நிக்காது, நிலம் குடிச்சிடும். அதால பாதை சேறாகாது. வெள்ளைக் கிறவல். வீட்ட வந்து காற்சட்டையை உதறினால் மாக் கடைக்காரன் மாதிரித் தூசி பறக்கும். மேல ஏறினால் புல்லுத் தரை, இடைக்கிடை பெரிய மரங்கள், கல்லு அடுக்கின மதில். காலமையில பாலெடுக்க ஒரு ட்ரக்டர் வந்து போகும். பேந்து ஒரு வாகனமும் இல்லை.

என்ர மனிசிக்கு அதுதான் பிடிச்சது. யோகேஸ்வரி. நான் யோகம் எண்டுதான் கூப்பிடுறது. அவவுக்கு வாகனம் எண்டால் பயம். ஊரில சைக்கிளில ரியூசனுக்குப் போய் வந்த பிள்ளைதான். ஒருநாள் ஆமி ட்ரக் உரசுமாப்போல போக, சைக்கிளோட வேலிக்குள்ள விழுந்தவ. அதோட விட்டிட்டா. இஞ்ச வந்தும் தொடேல்லை. நான் பென்சன் எடுத்த உடனே மகள் ஆரணி ரெண்டு சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில நிப்பாட்டினாள். உங்கட மாதிரித்தான், வளைஞ்ச ஹாண்டில், மொத்த ரயர். "அப்பா, அம்மா, ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள இருந்து சண்டை பிடிக்காமல் மலையில போய்ப் பிடியுங்கோ" எண்டாள். அவளுக்கு வாய் கூட. என்ரை வாய்.

யோகம் முதல் நாள் அந்த ஹாண்டிலைப் பாத்துப்போட்டு, இது என்ன ஆட்டுக்கடாவின்ர கொம்போ எண்டு கேட்டா. நான்தான் கார் வராத பாதையாத் தேடித் தேடிக் கண்டுபிடிச்சன். அதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேணும். அவவுக்காகத்தான் அவ்வளவு அலைஞ்சனான். ஒரு கிழமை தள்ளாடினா, மற்றக் கிழமை ஓடினா. அந்த வயசில ஒரு பொம்பிளை சிரிச்சுக்கொண்டு சைக்கிள் ஓடுறதை நீங்கள் பாத்திருக்க வேணும், பிள்ளை. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில அப்பிடி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை.

நான் முன்னுக்குப் போவன், அவ பின்னுக்கு வருவா. ஆர் முன்னுக்கு எண்டு நாங்கள் கதைச்சு முடிவெடுக்கேல்லை. கோயிலுக்குப் போனாலும் அப்பிடித்தான், கடைக்குப் போனாலும் அப்பிடித்தான். எங்கட ஆக்களில அதுதான் வழக்கம். பாதை தெரிஞ்சவன் முன்னுக்குப் போகத்தானே வேணும்? இன்னொண்டும் இருக்கு. மேல மாடு மேயிற நிலம் எல்லாம் படலை. நீங்கள் கேற் எண்டுவியள். திறந்து போட்டுப் போனால் மாடு வெளிக்கிட்டிடும், பூட்டச் சொல்லி பலகையில எழுதியிருப்பினம். நான் படலையைத் திறந்துகொண்டு போவன். அவ இறங்கி, பூட்டி, கொளுக்கி சரியா விழுந்திட்டுதோ எண்டு ஆட்டிப் பாத்து, பேந்து ஏறி வருவா. ஒவ்வொரு படலையிலயும் அவ்வளவு தூரம் பிந்துவா. அது அவவின்ர வேலை. நான் கேட்டதில்லை, அவவாத்தான் எடுத்துக்கொண்டவ.

பிந்தினால் என்னை எப்பிடிக் கூப்பிடுறது? யோகம் என்ர பேர் சொல்லமாட்டா. அந்தக் காலத்துப் பொம்பிளையள் கட்டின மனிசன்ர பேர் சொல்லாயினம். "இஞ்சேருங்கோ" எண்டுவினம். குசினி அடுப்படியில இருந்து கூப்பிட அது போதும். மலையில, காத்துக்க, அது எங்க கேக்கிறது? நான் சொன்னன், என்ர பேரைச் சொல்லிக் கத்தன், இஞ்ச ஆர் கேக்கப் போகினம், மாடுதானே நிக்குது எண்டு. மாட்டன் எண்டிட்டா. மாடு கேட்டாலும் வெக்கமாம்.

அதுக்காகத்தான் பெல் வாங்கினனான். இந்தா, பொக்கற்றுக்குள்ளயே வைச்சிருக்கிறன், இதுதான். பாருங்கோ. பித்தளை. சின்னன்தான், ஆனால் நல்ல கூர்ச் சத்தம். நானே பூட்டிக் குடுத்து, "நீ இதை அடி, நான் எங்க நிண்டாலும் நிப்பன்" எண்டு சொன்னன்.

நிண்டனான். முதல் கோடை முழுக்க நிண்டனான். அவ அடிச்சால் ஒரு காலை ஊண்டிக்கொண்டு நிண்டு திரும்பிப் பாப்பன். ஆனால் பிள்ளை, இந்த மனிசி எல்லாத்துக்கும் அடிக்கத் தொடங்கிட்டா! ஒரு பூவைக் கண்டால் அடி. தூரத்தில பனிமலை தெரிஞ்சால் அடி. கண்டுக்குட்டி பால் குடிச்சால் அதுக்கும் அடி. நான் பதறிப் போய் நிண்டு பாத்தால் "அங்க பாருங்கோ, என்ன வடிவு" எண்டு கையைக் காட்டுவா. ஏத்தத்தில ஒருக்கா நிண்டால் திரும்ப மிதிச்சு எடுக்கிறது எவ்வளவு பாடு எண்டு உங்களுக்குத் தெரியும். "உப்பிடிச் சும்மா சும்மா அடிச்சால் உண்மையா அடிக்கேக்க ஆருக்குத் தெரியும்?" எண்டு கேட்டன். "உங்களுக்குத் தெரியும்" எண்டா. கதையை விடுங்கோ.

அடுத்த வருசம் நிக்கிறதை விட்டிட்டன். கோபத்தில இல்லை. கேட்டது எண்டு கையை உயத்திக் காட்டுவன், அவவும் வந்து சேருவா. பேந்து கையும் உயத்துறேல்லை. பழகிப் போச்சு. புருசன் பெண்சாதிக்குள்ள எல்லாமே அப்பிடித்தானே, உங்களுக்கும் போகப் போக விளங்கும்.

மேல இருக்கிற சத்தத்தையும் நினைச்சுப் பாருங்கோ. எல்லா மாட்டுக்கும் கழுத்தில மணி. கோடையில மேல போனால் நாலு பக்கமும் மணிச் சத்தம்தான். அதுக்குள்ள ஒரு பெல் எந்தப் பக்கம் எண்டு எவன் கண்டான்? அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லுறது.

அந்த வருசம் புரட்டாதி முடியிற நேரம் மாடு இறக்கிற திருவிழா வந்தது. குளிர் தொடங்க முதல் மேல மேஞ்ச மாடு எல்லாத்தையும் கீழ கொட்டிலுக்குக் கொண்டு வந்திடுவினம். தலையில பூ வைச்சு, பெரிய மணி கட்டி, எங்கட தேர்த் திருவிழா மாதிரித்தான். யோகம் பாக்க வேணுமெண்டு நிண்டா, கூட்டிக்கொண்டு போனன். கடைசி மாடும் போன பிறகு றோட்டில கிடந்த பூவை ஒண்டு எடுத்து வைச்சுக்கொண்டு "இனி மேல ஒரு சத்தமும் இராது என்ன?" எண்டு கேட்டா. "இனி உன்ர அரியண்டம் பிடிச்ச பெல் ஒண்டுதான்" எண்டு பகிடி விட்டன். சிரிச்சா. அவ என்ர பகிடிக்கு எப்பவும் சிரிப்பா.

மற்றக் கிழமை நல்ல வெய்யில். குளிர் வர முதல் ஒருக்காப் போவம் எண்டு நான்தான் வெளிக்கிடுத்தினன். காலமை அவ கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தா. முதுகு உளையுது எண்டா. இந்த வயசில ஆருக்கு உளையேல்லை? எனக்கும்தான் உளையுது. சைக்கிளில ஏறினால் போயிடும் எண்டன்.

முதல் படலையிலேயே பிந்திட்டா. ரெண்டாவதிலும் பிந்திட்டா. எனக்குக் கொதி வந்திட்டுது. மேல கிடக்கிற மர வாங்கில, அந்த பெஞ்சில, இருந்து தேத்தண்ணி குடிக்கிறது எங்கட வழக்கம், போத்தலில இருக்கிறது ஆறிப் போயிடும். மூண்டாவது படலையில நிண்டு சத்தம் போட்டன். "மாடெல்லாம் இறக்கியாச்சு, மேல ஒரு கண்டுக்குட்டி கூட இல்லை, படலையைத் திறந்தபடி விட்டிட்டு வாவன்!" எண்டு. அவ என்ன சொன்னா தெரியுமோ? "பூட்டச் சொல்லி எழுதியிருக்கு, பூட்டத்தான் வேணும்" எண்டா. அப்பிடி ஒரு பிடிவாதம். நான் மிதிச்சுக்கொண்டு போயிட்டன்.

அந்த ஏத்தம் நீளம். பாதி ஏறியிருப்பன், மணிச் சத்தம் கேட்டது. ஒருக்கா. கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா. பேந்து விடாமல், சின்னதா, கன நேரம். மாடெண்டு நினைச்சன். எவனும் அப்பிடித்தான் நினைப்பான். மாடு மேயிற இடம், மணிச் சத்தம், மாடுதானே?

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?

ஓம், சொன்னனான், இறக்கியாச்சு எண்டு சொன்னனான்தான். ஏன், ஒண்டு ரெண்டு நிண்டிருக்கக் கூடாதோ? நீங்களும் ஆரணி மாதிரித்தான் கதைக்கிறியள். பொறுங்கோ, முடிக்க விடுங்கோ.

மேல போய் வாங்கில இருந்தன். என்ரை தேத்தண்ணியைக் குடிச்சன். அவவின்ரையை மூடியில ஊத்தி வைச்சன், வந்த உடனே குடிக்கட்டும் எண்டு. வந்தால் நல்லாக் குடுக்க வேணும் எண்டு நாலு சொல்லும் யோசிச்சு வைச்சிருந்தன். ஆவி பறந்தது. பேந்து நிண்டிட்டுது. அதுக்குப் பிறகுதான் எழும்பினன். விழுந்தடிச்சு இறங்கினன்.

படலை பூட்டிக் கிடந்தது, பிள்ளை. கொளுக்கி சரியா விழுந்திருந்தது. அதுக்கு இஞ்சாலப் பக்கம், கல்லு மதிலில சாஞ்சபடி இருந்தா. சைக்கிள் பக்கத்தில கிடந்தது, கை ஹாண்டிலில. முகம் முழுக்க வேர்வை, அதில வெள்ளைத் தூசி ஒட்டிக் கிடந்தது. நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பாத்தா. ஒரு குறை சொல்லேல்லை. "படலை பூட்டிட்டன்" எண்டா. அவ்வளவுதான். போனில அவசரத்துக்குக் கூப்பிட, சிவப்பு ஹெலிகொப்டர் வந்தது. வந்து என்ன?

பொறுங்கோ. கண்ணாடியைத் துடைக்கிறன்.

எல்லாருக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னன். செத்தவீட்டில வந்து கேட்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னன், மணிச் சத்தம் கேட்டது, மாடெண்டு நினைச்சிட்டன் எண்டு. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? எல்லாரும் "பாவம், உங்களுக்கு எப்பிடித் தெரியும்" எண்டு கையைப் பிடிச்சினம். ஆரணி மட்டும் கிட்ட வரேல்லை. அம்மாவின்ர சீலைகளை மடிச்சுக்கொண்டு இருந்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய ஒருநாள் வந்து, "அப்பா, வெளிக்கிடுங்கோ, காது டொக்டரிட்டப் போவம்" எண்டாள். எனக்குக் காதில என்ன வருத்தம்? இல்லையப்பா, ஃபக்டரி மிசின் சத்தத்துக்க அவ்வளவு காலம் நிண்ட காது, ஏதும் பழுதாப் போயிருக்கும், பாப்பம் எண்டாள். ஆசைக்குப் பிள்ளை கூப்பிடுது எண்டு போனன். சத்தம் புகாத ஒரு பெட்டிக்குள்ள இருத்தி, காதில மாட்டி, கீச் கீச் எண்டு சத்தம் விட்டு, கேட்டால் பொத்தானை அமத்து எண்டினம். எல்லாத்துக்கும் அமத்தினன். டொக்டர் பொம்பிளை சிரிச்சுக்கொண்டு வந்து, "முசியே, உங்கட வயசுக்கு இது அருமையான காது, ஒரு பழுதும் இல்லை" எண்டா. எனக்குப் புழுகம், பெரிய சந்தோசம். திரும்பிப் பாத்தால் ஆரணியின்ர முகம் செத்துப் போய்க் கிடக்கு.

காருக்குள்ள ஏறி ஸ்ரியரிங்கில தலையை வைச்சு அழுதாள். தகப்பனுக்குக் காது நல்லா இருக்கெண்டால் ஒரு பிள்ளை சந்தோசப்படத்தானே வேணும்? அவள் என்னத்துக்கு அழுதாள் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. அழுது முடிச்சுப்போட்டு என்னைப் பாக்காமல் ஒரு கேள்வி கேட்டாள். "எந்த மாடு, அப்பா?"

இவ்வளவுதான். என்னை வீட்டில இறக்கிப்போட்டுப் போனவள். அதுக்குப் பிறகு வரேல்லை. போன் எடுத்தால் சுகமோ, மருந்து குடிச்சியளோ, வைக்கிறன். ஒரே பிள்ளை. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லையெண்டால் அந்த வீட்டில நான் ஆரோட கதைக்கிறது? சுவரோடயோ? நெஞ்சு வெடிக்குது, பிள்ளை. ஒரு சோத்துப் பானை வைச்சால் அது ரெண்டு நாளைக்குக் கிடக்கு.

ஆனால் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்ல வேணும்தானே? எந்த மாடு எண்டு கேட்டாள். சரி, எந்த மாடெண்டு கண்டுபிடிப்பம் எண்டு வெளிக்கிட்டன். பனி உருகின நாளில இருந்து இந்த ரயிலில ஏறி இறங்கி, ஒவ்வொரு பண்ணையாப் போனன். என்ர பிரெஞ்சு ஃபக்டரிப் பிரெஞ்சு, கையும் காலும் சேத்துத்தான் பேச வேணும். "போன வருசம் இறக்கின பிறகு மேல ஒரு மாடு நிண்டதோ?" எல்லாரும் ஒரே மாதிரித்தான் தலையாட்டினம். இல்லை முசியே, எண்ணித்தான் இறக்குவம், ஒண்டும் நிக்காது. ஒருத்தன் நான் மாடு களவெடுக்க வந்த ஆளெண்டு நாயை அவிட்டு விடப் பாத்தான்.

ஜொபான் எண்டு ஒரு கிழவர். அந்த மூண்டாவது படலை அவற்ற நிலத்துப் படலை. அவரும் முதல் இல்லையெண்டுதான் சொன்னவர். ரெண்டாந்தரம் போகவும் இல்லையெண்டார். நேற்று மூண்டாந்தரம் போனன். மனிசன் என்னை உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்தி, கோப்பி தந்து, ஏன் இதையே கேக்கிறாய் எண்டு கேட்டார். சொன்னன். இப்ப உங்களுக்குச் சொன்ன மாதிரி முழுக்கச் சொன்னன். அவர் தன்ர கோப்பையை மேசையில வைச்சார். பேந்து பெண்சாதியைப் பாத்தார். அவ அடுப்புப் பக்கம் திரும்பிட்டா.

"ஒண்டு நிண்டது" எண்டார்.

கேட்டியளோ? நிண்டது! ஒரு கிழட்டு மாடாம். நடக்க மாட்டாமல் நிண்டதாம், பிறகு போய்க் கூட்டிக்கொண்டு வந்தவராம். முதல் மறந்து போனாராம். அந்த மாட்டைக் காட்டுங்கோ எண்டன். பனிக்காலத்தில செத்துப்போச்சு எண்டார். பாவம், அதுவும் போயிட்டுது. பேந்து எழும்பிக் கொட்டிலுக்குள்ள போய், கூரை வளையில தொங்கின ஒரு மணியைக் கழட்டிக்கொண்டு வந்தார். இதுதான் அந்த மாட்டின்ர மணி, கொண்டு போய் மகளிட்டக் காட்டு எண்டு சும்மா தந்தார். சிலந்தி வலையும் தூசியும் ஒரு விரல் மொத்தத்துக்கு. தன்ர கைச்சட்டையாலயே துடைச்சுத் தந்தார். வாசல் மட்டும் வந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். விடேல்லை. வெள்ளைக்காரரில இப்பிடியும் மனிசர் இருக்கினம்.

இந்தா, இதுதான் அந்தச் சாமான். தூக்கிப் பாருங்கோ, பாரம் தெரியுதோ? அடுத்த கிழமை யோகத்தின்ர ஆட்டத்திவசம். ஒரு வருசம். ஆரணி தன்ர வீட்டில செய்யிறாளாம். என்னை வரச் சொல்லேல்லை. வர வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. இண்டைக்குப் போய் இதை மேசையில வைக்கப் போறன். "எந்த மாடு எண்டு கேட்டாய், இந்த மாடு." அதுக்குப் பிறகு அவள் என்ன சொல்லுவாள்? "வாங்கோப்பா, வந்து இருங்கோ" எண்டுதானே சொல்ல வேணும்? தாயின்ர படத்துக்கு முன்னால ரெண்டு பேரும் சேந்து இருந்து படைக்க வேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.

ஒரு உதவி செய்யிறியளோ? கண்ணை மூடுங்கோ. ரெண்டு மணியும் என்ர கையில இருக்கு. நான் அடிக்கிறன், எது எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கே தெரியாது, பாருங்கோ.

ம்?

சைக்கிள் பெல். சரி. இப்ப?

சரி, அது மாடு. அது கிட்ட இருக்கிறபடியால் தெரியுது. இன்னொருக்கா.

உங்களுக்குக் காது நல்ல காது. பெட்டிக்குள்ள இது சரிவராது, பிள்ளை. வெளியில, தூரத்தில, காத்துக்க கேக்க வேணும். அப்ப ரெண்டும் ஒண்டுதான்.

உங்கட ஸ்ரேசன் வந்திட்டுது. பதறாதேங்கோ, ஒற்றைத் தண்டவாளம், எதிர் ரயில் வந்தாப் பிறகுதான் இது வெளிக்கிடும். நான் கதவைப் பிடிக்கிறன், நீங்கள் சைக்கிளைக் கழட்டுங்கோ. உங்கட அவர் இறங்கிட்டார், அந்தா, சைக்கிளை உருட்டிக்கொண்டு போறார். அட, நல்லாத்தான் போறார், மேடை முடிஞ்சு பாதையிலயே ஏறிட்டார். நீங்கள் வருவியள் எண்டு அவருக்குத் தெரியும்தானே. அதுதான் திரும்பிப் பாக்காமல் போறார். பிழை சொல்லாதேங்கோ.

கொஞ்சம் பொறுங்கோ, கூப்பிடாதேங்கோ. இதுதான் தூரம். அண்டைக்கும் ஏறக்குறைய இவ்வளவு தூரம்தான். காத்தும் அடிக்குது. இந்தக் கதவடியில நிண்டு நான் முதல் மாட்டு மணியை அடிக்கிறன்.

பாத்தியளோ! திரும்பேல்லை. மாடெண்டு நினைச்சிட்டார். நான் சொன்னன்தானே, சொன்னன்தானே! இந்தப் பெரிய மணியைப் பிடியுங்கோ, இப்ப பெல்லை அடிக்கிறன். அதுக்கும் திரும்பமாட்டார், பாருங்கோ. ரெண்டும் ஒண்டுதான். ஒருக்காத்தான் அடிப்பன்.

திரும்பிட்டார்.

ஒருக்காத்தான் அடிச்சன்.

இஞ்ச தாங்கோ அந்த மணியை. இல்லை, அந்தப் பெரியதை. பையுக்குள்ளயே கிடக்கட்டும். இந்த பெல்லை நீங்கள் வைச்சுக்கொள்ளுங்கோ. இல்லை, வைச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு இனி அதின்ர சத்தம் கேக்க ஏலாது. உங்கட ஹாண்டிலுக்கு அளவாத்தான் இருக்கும்.

நானோ? நான் ஆரணியிட்டத்தான் போறன். போய் என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. மேசையில வைக்க இனி ஒண்டும் இல்லை. அவள் கதவைத் திறந்தால், எந்த மாடும் இல்லை, பிள்ளை, எண்டுதான் சொல்ல வேணும்.

எதிர் ரயில் வருகுது. இறங்குங்கோ, பிள்ளை. அவர் நிக்கிறார்.